உறைந்த கை

கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தாள். அது கிடந்த இடத்தில், மரத்தரையில், கால்கள் பதிந்த நான்கு வெளிறிய வட்டங்கள். அந்த நான்குக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் அவளுடைய மேடை. 2021 ஜூலையில் ஓர் இரவு. சென்னையில் எனக்கு மணி ஒன்றரை. சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் அவளுக்கு முதல் நாள் மாலை நான்கு. அங்கே குளிர்காலம், ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயில் அவள் முழங்கால்வரைதான் எட்டியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

பல நாட்டு இளம் கலைஞர்கள் ஆளுக்கு ஒரு குறும்படைப்பைக் காட்டும் இணைய விழா அது. அவளுடையது எட்டு நிமிட ஆட்டம். இசை இல்லை. நாற்பது பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிடம் வலது கை மெல்ல உயர்ந்து தலைக்கு மேலே வந்து, அப்படியே நின்றது.

படம் கலங்கவில்லை, சிதறவில்லை. மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். ஜன்னல் திரை அசைகிறதா என்று பார்த்தேன். எனக்கு நெட் போய்விட்டதா, இல்லை ஆட்டமே இதுதானா என்று பிடிபடவில்லை. எண்ண ஆரம்பித்தேன், பதினொன்று வந்தபோது கை கீழே இருந்தது. இறங்கியதை நான் பார்க்கவில்லை. அந்தப் பதினோரு நொடிபோல ஒரு நடனத்தை நான் கூர்ந்து பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

முடிந்ததும் கேள்வி நேரம். யாரோ ஒருவர் அந்த நீண்ட நிறுத்தத்தை வானளாவப் புகழ்ந்தார். அவள் புரியாமல் பார்த்தாள். “எந்த நிறுத்தம்? நான் எங்கேயும் நிற்கவில்லையே” என்றாள். இன்னொருவர் குறுக்கே வந்து, இல்லையில்லை, நீங்கள் உட்காரும்போதல்லவா நின்றீர்கள் என்றார். மூன்றாமவருக்கு ஆட்டம் ஒரே ஓட்டமாக ஓடியிருந்தது. நாற்பது வீடு, நாற்பது இணைப்பு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் திக்கியிருக்கிறது. அவள் ஆடியது ஒன்று. பார்க்கப்பட்டவை எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை.

நாடகத்தைத் திரையில் பார்க்கலாமா கூடாதா என்ற சண்டை அந்தப் பெருந்தொற்று நாட்களில் சலிக்கச் சலிக்க நடந்தது. ரத்தமும் சதையுமாக ஒரு மனிதர் எதிரே நிற்பதுதான் அரங்கம், அது இல்லையென்றால் மிஞ்சுவது மட்டமான சினிமா என்றார்கள். பாதி உண்மைதான். அந்த இரண்டு வருடங்களில் வந்த இணைய நாடகங்களில் பெரும்பாலானவை, மேடை கிடைக்காத துக்கத்தைக் கேமரா முன்னால் கொட்டியவை. ஆனால் கைவிட்டுப் போனது உடம்பு என்று சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. உடம்பு திரையில் இருக்கத்தான் செய்தது, சில சமயம் மேடையில் தெரிவதைவிட நெருக்கமாக. போனது பொதுவான கணம். அரங்கத்தில் கரண்ட் போனால் எல்லோருக்கும் சேர்ந்து போகும். எல்லோரும் சேர்ந்து ‘ஓ’ என்போம். இங்கே அவரவர் இருட்டு அவரவருக்கு.

இது பெருந்தொற்று கொண்டுவந்த புதுப் பிரச்சினை என்றும் நான் நினைக்கவில்லை. 1977 நவம்பரில் கிட் கேலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ் என்ற அமெரிக்கக் கலை இணையர் நாசாவின் துணையோடு ஒரு காரியம் செய்தார்கள். நடனக் கலைஞர்களில் சிலரைக் கிழக்குக் கரையில் மேரிலாந்திலும் சிலரை மேற்குக் கரையில் கலிபோர்னியாவிலும் நிறுத்தி, இரண்டு படங்களையும் செயற்கைக்கோள் வழியாக ஒரே திரையில் கலந்து, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே ஆடச் சொன்னார்கள். தரையில் அவர்களுக்கு நடுவே ஒரு கண்டம். திரையிலோ பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கை நீட்டினால் தோள் தட்டுப்பட வேண்டும்.

தட்டுப்படவில்லை என்பது இருக்கட்டும், நேரமும் ஒத்துவரவில்லை. அப்படிப்பட்ட செயற்கைக்கோள் நில நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்திலேயே போனாலும் ஏறி இறங்கக் கால் நொடி. நான் கையைத் தூக்கியது உனக்குத் தெரியக் கால் நொடி, அதற்கு நீ தூக்கியது எனக்குத் தெரிய இன்னொரு கால். அரை நொடி என்பது பேச்சில் ஒன்றுமில்லை. ஆட்டத்தில் அது ஒரு யுகம். அந்த ஆட்டக்காரர்கள் தாமதத்தை விரட்டப் பார்க்கவில்லை. அதற்கேற்ப அசைவை மாற்றிக்கொள்ளப் பழகினார்கள். அவசரப்படாமல், எதிராளியின் பதிலுக்கு இடம் விட்டு ஆடினார்கள். வந்த விருந்தாளிக்குத் திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுப்பதுபோல என்று எனக்குத் தோன்றும்.

அதே இருவர் 1980 நவம்பரில் இன்னொன்றும் செய்தார்கள். நியூயார்க்கில் லிங்கன் மையத்தின் தெருப்பக்கக் கண்ணாடியிலும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கடையின் கண்ணாடியிலும் ஆள் உயரத்துக்குத் திரை வைத்தார்கள். இந்தத் தெரு அந்தக் கண்ணாடியில் தெரியும், அந்தத் தெரு இந்தக் கண்ணாடியில். அறிவிப்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, விளக்கம் இல்லை. முதல் நாள் மாலை தெருவில் போனவர்கள் நின்று, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சொல்லி வைத்து வந்தார்கள். மூன்றாம் நாள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள்; வருடக்கணக்கில் பார்க்காத சொந்தக்காரர்களைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்து அழுதார்கள். மூன்று மாலைதான். அதற்குப் பிறகு கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிட்டது. ‘விண்ணில் ஒரு துளை’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. இணைய விழாக்களின் கொள்ளுப்பாட்டி யார் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

காணொளிக் கலைஞர் நாம் ஜூன் பைக்கின் ‘குட் மார்னிங், மிஸ்டர் ஆர்வெல்’லைச் சொல்பவர்களும் உண்டு. 1984 புத்தாண்டு அன்று நியூயார்க்கையும் பாரிஸையும் செயற்கைக்கோளில் இணைத்து ஜான் கேஜ், மெர்ஸ் கன்னிங்ஹாம், ஆலன் கின்ஸ்பெர்க் என்று பெரிய பெரிய பெயர்களை நேரலையில் இறக்கினார் பைக். இணைப்பு அறுந்தது, நிகழ்ச்சி குளறுபடியானது. அவர் அதற்காகத் தலையில் கை வைத்து உட்காரவில்லை. கோளாறும் நேரலையின் பங்குதான் என்கிற கட்சி அவர். பெரிய பெயர்களின் கூட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் அத்தனை ஈர்ப்பு இல்லை. தெருவோரக் கண்ணாடியில் முகம் பதித்து அழுதவர்களுக்குப் பெயர் கிடையாது.

செயற்கைக்கோள் போய்க் கடலடிக் கம்பி வந்தும் கணக்கு தீரவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து சாண்டியாகோ நேர்கோட்டில் 16,000 கிலோமீட்டருக்கு மேல். கம்பி நேராகப் போனால்கூட ஒரு வழிக்கு 80 மில்லி நொடி. கம்பி எங்கே நேராகப் போகிறது? சேர்ந்து வாத்தியம் வாசிக்கிறவர்கள் சிரமமில்லாமல் தாங்கக்கூடிய தாமதம் 25, 30 மில்லி நொடி என்பார்கள். காற்றில் ஒலி அந்த நேரத்துக்குள் எட்டுப் பத்து மீட்டர் போகும். அதாவது ஒரு சுமாரான ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மனிதர்கள் கூடி வாசிப்பதற்கு இயற்கை கொடுத்த கூடத்தின் அளவே அவ்வளவுதான் போலிருக்கிறது.

இதை நம்மூர்ப் பாட்டு வாத்தியார்கள் பெருந்தொற்றுக்கு முன்பே அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள். மயிலாப்பூரில் உட்கார்ந்து நியூ ஜெர்சிப் பிள்ளைக்கு இணையத்தில் சொல்லிக்கொடுக்கும்போது குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடுவது நடக்காது. பாடிக் காட்டி, நிறுத்தி, திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே தாளம் சரியாக இருக்கும், இங்கே பிந்தி விழும். யார் மேல் குற்றம்? போதாக்குறைக்கு, கூட்டம் நடத்தவென்று செய்த செயலிகள் விடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். மின்விசிறிக்கும் தம்பூராவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சுருதியே இரைச்சலாகிவிடுகிற இடத்தில் என்ன பாடுவது? அமைப்புக்குள் போய் ஒரு பொத்தானைத் தட்டினால் சரியாகும் என்று தெரிந்துகொள்ளவே பலருக்கு மாதக்கணக்கானது.

ஆகவே, இணைய விழாக்களுக்கு வந்த இளம் கலைஞர்களை நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். தாமதத்தை ஒளிக்கப் பார்த்தவர்கள், தாமதத்தோடு பழகியவர்கள். ஒளிக்கப் பார்த்தவர்களின் வேலை சுத்தமாக, வெட்டி ஒட்டிப் பளபளப்பாக இருக்கும். மறுநாள் நினைவில் இருக்காது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஃபோர்ஸ்ட் என்டர்டெய்ன்மென்ட் நாடகக் குழு ஒன்றும் இளசுகள் அல்ல, 1984-லிருந்து இயங்குகிறவர்கள். 2020-ல் வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த நடிகர்களை வைத்து அவர்கள் செய்த மூன்று சிறு பகுதிகள் தாமதத்தோடு பழகிய வகை. ‘கூட்டத்தை எல்லோருக்கும் முடி’ என்று செயலியில் இருக்கும் பொத்தானின் வாசகம்தான் தலைப்பு. கேட்கிறதா, தெரிகிறதா, நாம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற தடுமாற்றமே நாடகம்.

வேறு சிலருக்கு இது பெருந்தொற்றின் பாடம்கூட அல்ல. பெலாரஸ் ஃப்ரீ தியேட்டர் 2005-ல் மின்ஸ்கில் தொடங்கிய குழு. அரசு விரட்டியதால் தனியார் வீடுகளில் ரகசியமாக நாடகம் போட்டார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனால் வேலை சுலபமாக முடியட்டும் என்று, பார்க்க வருகிறவர்களைப் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்வார்கள். 2010 தேர்தலுக்குப் பிறகான அடக்குமுறையில் தலைவர்கள் லண்டனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. நடிகர்கள் மின்ஸ்கில், நெறியாளர் லண்டனில், நடுவில் ஸ்கைப். ஒத்திகை அப்படித்தான் வருடக்கணக்கில் நடந்தது. 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது இவர்கள் சாஷா சொகொலோவின் நாவலை நடிகர்களின் வீட்டு அறைகளிலிருந்தே நேரலையில் நிகழ்த்தினார்கள். எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்ததை இவர்கள் பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

பாஸ்போர்ட் என்றதும் இரானின் நசீம் சுலைமான்பூர் நினைவுக்கு வருகிறார். கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்ததால் அவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. தான் போக முடியாவிட்டால் என்ன, நாடகம் போகட்டும் என்று ‘வெள்ளை முயல் சிவப்பு முயல்’ எழுதினார். நெறியாளர் கிடையாது, ஒத்திகை கிடையாது; ஒவ்வொரு நாளும் ஒரு புது நடிகர் மேடையில் உறையைப் பிரித்து முதன்முறையாக வாசிப்பார். 2011-ல் எடின்பரோவிலும் டொராண்டோவிலும் மேடையேறிய தன் நாடகத்தை அவரே பார்க்க முடிந்தது 2013-ல்தான். இணைய விழாக்களை வாயாரத் திட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விசா வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு நடனக்காரரிடம் போய் அரங்கத்தின் ரத்தத்தையும் சதையையும் பற்றிப் பேசிப் பாருங்கள்.

ஆனால் எல்லைகள் இப்படிக் கரைந்துவிட்டன என்று கூத்தாடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மக்காண்டா என்றொரு சிறு நகரம். 2018 வரை கிரஹாம்ஸ்டவுன் என்று அழைக்கப்பட்டது. 1974-லிருந்து அங்கே தேசியக் கலை விழா நடக்கிறது. குளிர்காலத்தில் ஊரே மேடையாகும். பள்ளிக்கூடம், தேவாலயக் கூடம், கிடைத்த இடமெல்லாம் நாடகம். ஊர்க்காரர்கள் வீட்டறைகளை வாடகைக்கு விடுவார்கள், தெருவோரம் கடை போடுவார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் வருமானத்தை வைத்து வருடத்தின் ஒரு பகுதியை ஓட்டுகிறவர்கள் உண்டு. 2020 ஜூன் 25 முதல் ஜூலை 5 வரை அந்த விழா முழுக்க இணையத்துக்குப் போனது. உலகத்தின் பெரிய கலை விழாக்களில் அப்படி மொத்தமாக இடம் மாறிய முதல் சிலவற்றில் அதுவும் ஒன்று. கலைஞர்களுக்கு உலகம் கிடைத்தது. அறையைப் பெருக்கி விரிப்பு மாற்றி வைத்திருந்த ஊர்க்காரருக்கு யாரும் வரவில்லை.

பார்க்கிறவருக்கும் அது இலவசக் காற்று அல்ல. டேட்டா விலை குறைய வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் 2016 முதல் ஓர் இயக்கமே நடந்தது. இரு பெரிய நிறுவனங்களின் டேட்டா விலை அளவுக்கு மீறியது என்று 2019 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகே, 2020 ஏப்ரலில், அவற்றில் ஒன்று மாதாந்திர 1 ஜிபி பொதியை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. ஒரு மணி நேர நாடகத்தைச் சுமாரான தரத்தில் பார்த்தாலே அரை ஜிபி காலி. ஆக, டிக்கெட் ஒன்று; அதற்கு மேல் ஐம்பது ராண்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு டிக்கெட். அன்று மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து நாளைத் திட்டமிட்ட நாடு வேறு. நம்மூரில் டேட்டா மலிவு என்பதால் இது நமக்குச் சட்டென்று உறைக்காது.

குறும்படைப்பு ஏன் குறுகியது என்று விமர்சகர்கள் அழகியல் பேசுவார்கள். பெக்கெட்டின் ‘மூச்சு’ அரை நிமிட நாடகம், ஆளே இல்லாத மேடை, குப்பை, ஒரு அழுகுரல், ஒரு மூச்சு, வெளிச்சம் ஏறி இறங்குவது என்றெல்லாம் மேற்கோள் காட்டலாம். ஆனால் பத்து நிமிடம் என்ற அளவை நிர்ணயிப்பது பல இடங்களில் டேட்டாதான். பார்க்கிறவரின் விரல் இன்னொன்று. அரங்கத்தில் பாதியில் எழுந்து போக ஒரு துணிச்சல் வேண்டும். முட்டிகளைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இருட்டில் தட்டுத் தடுமாறி. இங்கே அதற்கு ஒரு தட்டு போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மூலையில் இருக்கிற பார்வையாளர் எண்ணிக்கை 43-லிருந்து 38 ஆவதை ஆடுகிறவள் ஆடிக்கொண்டே பார்க்கலாம்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ‘உங்கள் படைப்பு உலகெங்கும் பார்க்கப்படும்’ என்ற வாக்கியம் எந்த மொழியில் வந்தாலும் காசு கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்த நாட்களில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது திரையே இல்லாத ஒன்று. நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர் அப்போது நடத்திவந்த ‘அண்டர் தி ரேடார்’ விழா 2021 ஜனவரியில் இணையத்துக்கு வந்தபோது, 600 ஹைவேமென் என்ற இருவர் குழு ஒரு தொலைபேசி அழைப்பை நாடகமாக வைத்தது. டிக்கெட் வாங்கிய இரண்டு பேர், ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள், குறித்த நேரத்தில் ஓர் எண்ணைக் கூப்பிட வேண்டும். இயந்திரக் குரல் ஒன்று இருவரையும் கேள்வி கேட்கும், சிலவற்றைச் சொல்லச் சொல்லும், சிலவற்றைக் கற்பனை செய்யச் சொல்லும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடிகர் கிடையாது, பார்வையாளரும் கிடையாது, இரண்டும் நீங்களே. தாமதம் அங்கே வெறும் தயக்கமாகிவிடுகிறது. தெரியாத ஒருவரிடம் பேசும்போது யாருக்குத்தான் பதில் உடனே வரும்? அரை நொடி பிந்தி வரும் குரலைக் கேட்டு, ஆள் யோசிக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அந்தச் சாண்டியாகோப் பெண்ணின் ஆட்டம் அத்தனை உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று நிமிடம் எல்லோரும் ஆடுவதைத்தான் ஆடினாள். சுவரில் சாய்வது, தரையில் புரள்வது. அந்த உயர்ந்த கைகூட எனக்கு வாய்த்த விபத்து, அவள் செய்தது அல்ல. யாருடைய கலை அது என்று இன்றுவரை தெரியவில்லை. கேள்வி நேரத்தில் அவள் அந்தக் குழப்பத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு ஒவ்வொருவரிடமும் எந்த இடத்தில் நின்றேன், எவ்வளவு நேரம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். ஒரு நோட்டை எடுத்து எழுதியும் வைத்தாள். நான் பதினொன்று என்று எழுதி அனுப்பினேன். எழுதினாளா என்று தெரியாது.

கைதட்டும் பொம்மைகள் திரையில் மேலே மிதந்து போயின. நன்றி சொன்னார்கள். முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தை முடிக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் இன்னும் நான்கைந்து பேரும் கட்டங்களில் மிச்சமிருந்தோம். எல்லோரும் போய்விட்டார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. கட்டிலைச் சுவரிலிருந்து சாய்த்தாள். அது கனம், முதுகை வளைத்து, இடுப்பில் தாங்கி, மெல்ல இறக்கினாள். கீழ்வீட்டுக்காரர்களை நினைத்தோ என்னவோ, சத்தம் வராமல். கால்கள் வட்டங்களில் சரியாக விழவில்லை. காலால் உந்தி ஒன்றைச் சேர்த்தாள். சுற்றி வந்து இன்னொன்று. குனிந்து பார்த்து மூன்றாவது. நான்காவது ஒரு விரற்கடை வெளியே நின்றது. அவள் அதன் பக்கமாகத் திரும்பியபோது படம் நின்றது. இந்த முறை எண்ணவில்லை. கூட்டம் முடிந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது.